சூடாகாத பிரேக்

"முன் சக்கரத்துல தீப்பொறி பறக்குதுன்னு பின்னால வந்த பைக்காரர் சொன்னாருண்ணே. உடனே மாத்துங்க!"

பட்டாசுக் கம்பெனி நடத்தும் மகேஷ்குமாரின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மெக்கானிக் இசக்கிப்பாண்டி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"பிரேக் பேடு தேஞ்சு, இரும்பும் இரும்பும் உரசியிருக்கு. டிஸ்க்கும் போச்சு. ஸ்போர்ட்ஸ் காருக்கு ரேஸ் பேடுதான் சரி, மொதலாளி. சூடேறச் சூடேற நல்லாப் பிடிக்கும்."

"சூடே ஆகக் கூடாதுண்ணே! பொறி பறக்காத பேடு எது?"

"செராமிக்."

"அதையே போடுங்க."

வேலை முடியும்வரை மகேஷ்குமார் டிக்கியை ஒட்டியே நின்றான்.

"இப்பிடி வண்டின்னா செக்போஸ்ட்டுலகூட சலாம் போட்டு விட்டுருவாக, இல்ல மொதலாளி?"

அவன் சாவிக்குக் கை நீட்டினான்.

"இருங்க, ஓட்டிப் பாத்துத்தான் தருவேன். புதுப் பேடு டிஸ்க்கோட செட்டாகணும். இல்லன்னா அவசரத்துக்குப் பிடிக்காது. ஏறுங்க."

"வேணாம்ணே, நானே மெதுவா..."

இசக்கிப்பாண்டி கேட்கவில்லை. சூலக்கரையைத் தாண்டியதும் வேகமெடுத்து, ஏழெட்டு முறை ஓங்கி பிரேக் அடித்தார். கருகல் வாடையோடு சக்கரத்திலிருந்து புகை கிளம்பியது.

கார் முழுதாக நிற்பதற்குள் கதவைத் திறந்து குதித்த மகேஷ்குமார், செருப்புகூட இல்லாமல் கருவேலங்காட்டுக்குள் ஓடினான்.

இசக்கிப்பாண்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சீட்டில் சாய்ந்தபடியே கத்தினார்.

"பட்டாசுக் கம்பெனி மொதலாளி, புகைக்கு இம்புட்டுப் பயப்படுதீகளே! புதுப் பேடுன்னா புகையத்தான் செய்யும்!"

முள்ளுக்குள்ளிருந்து அலறல் வந்தது.

"எறங்கி ஓடியாங்கண்ணே! டிக்கியில ரெண்டு மூடை வெடிமருந்து இருக்கு!"