உதடு ஒட்டும் சொல்

எழுபது வருஷத்துக்கு முந்தைய பெங்களூரைக் காட்டும் அந்த ஊமைப்படத்தில் எங்கள் அம்மா ஆறு நொடி வருகிறாள். தெருக்குழாயடியில், கைக்குழந்தையான நான் இடுப்பிலிருக்க, படத்தில் தெரியாத யாரையோ கைநீட்டிக் கூப்பிடுகிறாள். அடுத்த மாதம் காய்ச்சலில் போய்விட்டாள்.

"என்னைத்தான் கூப்பிடுறாங்க," என்றாள் ஞானம்மா அக்கா. அவள் கண்களில் புரை. "கன்னடமெல்லாம் அக்கம்பக்கத்துக்குத்தான். நம்மகிட்ட தமிழ்லதான் பேசுவாங்க. வான்னுதானே சொல்றாங்க? பாத்துச் சொல்லுடா."

படம் போட்டவரிடம் மறுபடி ஓட்டச் சொன்னேன். தமிழில் 'வா' என்றால் உதடு ஒட்டாது. அதையே கன்னடத்தில் 'பா' என்று கூப்பிட்டால் ஒட்டும்.

அம்மாவின் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.

"வான்னுதான் சொல்றாங்கக்கா."

அக்கா நாற்காலியைவிட்டு எழுந்து, திரையை நோக்கி நடந்தாள்.