எதுவும் கலக்காத க்ரீம்

"அடிப்பாவி! என்னடி ஊத்துற அதுல?"

மாமியார் போட்ட கூச்சலில் சின்ன மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த குப்பி நழுவி விழுந்து உருண்டது.

அடுப்படி மேடையில் பெரிய மருமகள் இறக்கி ஆற வைத்திருந்த க்ரீம். கற்றாழைச் சாறும் பன்னீரும் எண்ணெயும் சேர்த்து அவள் செய்யும் முகக் க்ரீமுக்கு அப்படியொரு கிராக்கி. 'கெமிக்கல் துளியும் கிடையாது' என்று டப்பாவிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பாள். மறுநாள் ஓர் அழகு நிலையத்துக்கு நூறு டப்பா கொடுத்தாக வேண்டும்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து பெரியவள் ஓடி வந்தாள். பின்னாலேயே சின்னவளின் கணவன்.

"பாரும்மா, உன் ஓரகத்தி பண்ற அக்கிரமத்தை! என்னத்தையோ கலக்குறா. என் கண்ணால பார்த்தேன்."

பெரியவள் தரையில் கிடந்த குப்பியை எடுத்துப் பார்த்தாள்.

"பிரிசர்வேட்டிவ்தான் அத்தை." என்றாள் சின்னவள். அவளுக்கு க்ரீம் கம்பெனி ஒன்றில்தான் வேலை. "தண்ணி சேர்ந்த க்ரீம். இது போடலைன்னா பூசணம் பிடிச்சிடும். கண்ணுக்குத் தெரியாமலே கிருமி வளரும். முன்னாடி ஒரு டப்பாவுல கறுப்பா படர்ந்திருந்ததை நானே பார்த்தேன். அதைப் பூசி யாருக்காவது கண்ணுல சீழ் வச்சா?"

"அதுக்காக விஷத்தைக் கலப்பியா?"

"விஷம் இல்ல அத்தை. அளந்துதான் போடுறேன். அந்த அளவுக்கு முகத்துக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க வாங்குற பவுடர், ஷாம்பு..."

"வாயை மூடு!" பெரியவள் பாய்ந்தாள். "எத்தனை நாளா இந்தத் திருட்டு வேலை?"

"ஆறு மாசமா, அக்கா. சொன்னப்போ நீங்க காதுலயே வாங்கலை."

"ஐயோ! என்னை நம்பி வாங்குறவங்க முகத்துல எப்படி முழிப்பேன்? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாளே!"

பெரியவள் தலையிலடித்துக்கொண்டு அழ, மாமியாருக்கு ரத்தம் கொதித்தது.

"கூடப் பொறந்தவ மாதிரி வச்சிருந்தாளே, அவளுக்கே குழி பறிக்கிறா. டேய், வேற வீடு பாருடா. இவ இனி இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

கணவன் விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். மாமியாரும் தன் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லதைத்தானே நினைத்தோம், நடுத்தெருவில் நிற்க வைத்துவிட்டார்களே!

"மன்னிச்சிடுங்கக்கா. இதைக் கொட்டிடுறேன்" என்று பாத்திரத்தைத் தூக்கப் போனாள்.

பெரியவள் வெடுக்கென்று கையைப் பிடித்தாள். மாமியார் அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? நூறு டப்பா சரக்கு! முழுசா ஊத்திட்டியா, இல்ல பாதியிலயே கிழவி வந்துட்டாளா?"

சின்னவள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா... உங்களுக்குத் தெரியுமா?"

"பின்ன? ஒரு வாரம் தாங்காத க்ரீம் மாசக்கணக்கா கெடாம இருக்கு. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? நீ கலக்கட்டும்னுதான் இறக்கி வச்சதும் மாடிக்குப் போயிடுறேன்."

"அப்போ அத்தைகிட்ட சொல்லுங்கக்கா! எங்களை வீட்டை விட்டே துரத்துறாங்களே!"

"நல்லா இருக்கே! கலக்குறது தெரிஞ்சா எவ வாங்குவா? நீ பேசாம வேற வீட்டுக்குப் போ. நான் க்ரீம் காய்ச்சுற அன்னிக்கு மட்டும் பின்வாசல் வழியா வந்துட்டுப் போயிடு."