காற்றும் மழையும் தேய்த்த கல்

சோதிக்க வந்திருந்த நிபுணர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுவரின் மூன்றாம் வரிசையில் இருந்த கல்லை உள்ளங்கையால் தடவினார்.

கல்தச்சன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

நிபுணர் தடவுவது பற்றிக்கூட அவனுக்கு அவ்வளவு கவலையில்லை. அவருக்கு நாலடி பின்னால் அவன் மாமியார் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த இடிந்த மாளிகையைச் செப்பனிடும் வேலையில் ஒரு விதி உண்டு. புதிதாக வெட்டிய கல் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. விழுந்த பழைய கல்லைத் தேடி எடுத்து, அது இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும். விதி போட்டவர்கள் யாரும் அந்தச் சுவருக்கு அடியில் நிற்கப்போவதில்லை.

மூன்றாம் வரிசையில் ஒரு கல் காணாமல்போய்ப் பல காலமாகிவிட்டது. மேல் வரிசைகளை மரத்தால் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மரம் உளுத்துப்போகும், வேறு மரம் வரும். கல் மட்டும் வரவேயில்லை.

இந்த முறை நான் அடைத்துத் தருகிறேன் என்று கல்தச்சன் வாயை விட்டுவிட்டான். சரியாக அடைத்தால் மாளிகை வேலை முழுவதும் அவனுக்குத்தான். புதுக்கல் என்று சந்தேகம் வந்தாலோ, இங்கே மட்டுமில்லை, எங்கேயும் ஒரு பழைய சுவரைத் தொட விடமாட்டார்கள்.

மாளிகைக்குக் கல் கொடுத்த குவாரியில் இப்போது தண்ணீர் நிற்கிறது. தவளைகள் வசதியாக இருக்கின்றன.

மாளிகையிலிருந்து போன கற்களோ ஊர் முழுக்கக் கிடந்தன. ஒரு வீட்டில் வாசற்படி, இன்னொரு வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு அடிக்கல். வைத்திருப்பது குற்றம் என்பதால் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஞாபகமறதி.

தேடி அலுத்துப்போய் வீட்டுக்கு வந்த ஒரு நாள், கொல்லையில் இருந்த துவைக்கிற கல்லின் மேல் அவன் கண் விழுந்தது. அதே மணற்கல். நூல் பிடித்து அளந்து பார்த்தான். நீளம், உயரம், ஓரத்துக் கனம், எல்லாமே ஓட்டைக்கு அச்சாகப் பொருந்தியது.

அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்த இடத்திலிருந்து என்றைக்கோ பெயர்த்துக்கொண்டு வந்த கல்லேதான் இது! திருப்பிக் கொண்டுபோய் வைப்பது எப்படித் திருட்டாகும்? புண்ணியமல்லவா!

மாமியார் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்துப் புண்ணியத்தைச் செய்தான். வீட்டோடு மாப்பிள்ளைக்கு அவ்வளவுதான் தைரியம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் துணி துவைத்த கல் அது. அதன் இடத்தில் சிமெண்டுப் பலகை ஒன்றைப் போட்டு, மூலையில் ஒரு பூவும் வரைந்து வைத்தான்.

புதருக்குள் தோண்டும்போது கிடைத்தது என்று வேலையிடத்தில் கதை சொன்னான். எல்லாரும் நம்பினார்கள்.

திரும்பி வந்த மாமியார் பலகையைப் பார்த்தாள். பூவையும் பார்த்தாள். காய்கறிக்காரனையே கதறவிடுகிற வாய் மூடிக்கொண்டதும் வீட்டில் எல்லாருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. இன்று காலை நல்ல சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டு, மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

நிபுணர் கல்லின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டினார். சுரண்டியதை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

எத்தனை வருஷத்துச் சோப்பு அது! கல்தச்சன் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டான்.

"பாத்தீங்களா, உப்புப் பூத்திருக்கு. இந்தக் குழிவையும் பாருங்க. நூத்துக்கணக்கான வருஷம் காத்தும் மழையும் ஒரே பக்கமா அடிச்சாத்தான் ஒரு கல்லு இப்படித் தேயும்" என்று கூட வந்தவர்களுக்குப் பாடம் நடத்தினார் நிபுணர்.

கல்தச்சன் ஓரக்கண்ணால் மாமியாரைப் பார்த்தான். கை இடுப்பில் இருந்தது. உதடு துடித்தது. மாங்கு மாங்கென்று துவைத்துத் தேய்த்தவள் அவள். பேரை மழை தட்டிக்கொண்டு போனால் யார்தான் பொறுப்பார்கள்? போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

முட்டு மரத்தை எடுத்துவிடலாம் என்றார் நிபுணர். மரம் விலகியது. மேல் வரிசைகள் அந்தக் கல்லின் மேல் மெல்ல உட்கார்ந்தன. ஒரு பொடி மண்கூட உதிரவில்லை. எல்லாரும் கைதட்டிவிட்டு அடுத்த சுவரைப் பார்க்கப் போனார்கள்.

போன உயிர் திரும்பி வந்தது கல்தச்சனுக்கு. இந்தக் குடும்பத்து மானத்தை, யாரோ திருடிய கல்லின் பழி வராமல், மாமியார் பேசாமலிருந்தே காப்பாற்றிவிட்டாளே என்று நெஞ்சு நெகிழ்ந்துபோனான். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று அருகில் போனான். அப்போதுதான் அவள் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தான்.

"யாரும் திருடல மாப்பிள்ளை. எனக்குக் கல்யாணமான வருஷம், உங்க மாமனார் அந்த ஓட்டைய அளந்து குவாரியில வெட்டிக் கொண்டாந்த கல்லு அது. புதுசாத் தெரியுதுன்னு இவரை மாதிரி ஒருத்தர் திருப்பி அனுப்பிட்டாரு. கொல்லையில கொண்டாந்து போட்டுட்டு, பழசாகுற வரைக்கும் நீ இதுல தொவைச்சுக்கிட்டு இருன்னாரு. சாகுற வரைக்கும் அதையேதான் சொன்னாரு. கேலி பண்றாருன்னுதான் நான் நெனச்சேன்."