நிறுத்தப்பட்டவை

"தொறந்து குடுங்க. நான் ஒண்ணும் உங்க பழைய காதலியத் தேடப் போறதில்ல."

யுகேந்திரன் போனில் கட்டைவிரலை வைத்தான். திறந்தது. உடனே கொடுக்கவில்லை.

கஸ்தூரி பிடுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மணி நாலு இருபது. ஐந்து மணிக்குள் வீட்டு முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து வாடகை இருநூறு வெள்ளி கூடுதல். முடியாது என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயார்.

முடியாது என்றால் இந்தத் தம்போய் வீட்டை விட்டுவிட்டு, காஹாங் தோட்டப்புறத்தில் யுகேந்திரனின் அண்ணன் வீட்டில் ஓர் அறை. சுற்றிலும் செம்பனைத் தோட்டம். மகள் இந்த வருடம் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு எழுதுகிறாள்.

கஸ்தூரி அப்படி ஒரு தோட்ட வீட்டில்தான் பிறந்தாள். அவள் அம்மா உரமூட்டை சுமந்து வளைந்த முதுகோடுதான் செத்தாள். திரும்பிப் போவதாக இல்லை.

யுகேந்திரனின் சம்பளமும் முன்போல் இல்லை. சிங்கப்பூர் பேக்டரியில் ஓ.டி.யை நிறுத்திவிட்டார்கள் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறான். அதனால்தான் இந்த வேட்டை. மாதா மாதம் தானாகக் கழிகிற பணத்தில் இருநூறு வெள்ளியைப் பிடித்தாக வேண்டும்.

வங்கிச் செயலியில் அதற்குத் தனிப் பக்கமே இருந்தது.

முதலில் ஜிம். எண்பத்தொன்பது வெள்ளி. பேரங்காடியில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பேசி வாங்கிய கையெழுத்து. இரண்டு தடவை போயிருப்பான்.

"அடுத்த மாசத்துல இருந்து போலாம்னு இருந்தேன் லா."

"வயிறும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கு."

நிறுத்தவா என்று செயலி இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் அழுத்தினாள்.

அடுத்தது காப்புறுதி, பதினெட்டு வெள்ளி. எதற்கென்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. வாசல் லோங்காங்கில், சாக்கடைத் தண்ணீரில் விழுந்து செத்துப்போன பழைய போனுக்கு. இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதையும் நிறுத்தினாள்.

பந்து சேனல், ஐம்பத்தைந்து.

"அதத் தொடாத. நாள் பூரா உழைக்கிறவன் ஒரு பந்தாட்டம் பாக்கக் கூடாதா?"

"எங்க பாக்கறீங்க? பந்து பாட்டுக்கு உருளுது, நீங்க பாட்டுக்குத் தூங்கறீங்க. குறட்டைக்கு அம்பத்தஞ்சு வெள்ளியா?"

அவன் கை நீட்டினான். அவள் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அழுத்தினாள்.

தண்ணீர் வடிகட்டியைத் தொட முடியாது. ஐந்து வருட ஒப்பந்தம். பாதியில் விட்டால் அபராதம்.

மொத்தம் நூற்று அறுபத்திரண்டு. இன்னும் முப்பத்தெட்டு வேண்டும்.

மணி நாலு நாற்பது.

"போதும், குடு. மீதிய நான் பாத்துக்கறேன்," என்றான்.

"இருங்க."

பார்க்கிங் பணத்தை மட்டும் முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம் என்று தேடினாள். அவசரத்தில் கை தவறி அதில் பட்டுவிடக் கூடாது. சிங்கப்பூர் எல்லைச் சாவடிக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம். மாதம் எழுபது வெள்ளி. தினமும் அங்கே மோட்டாரை விட்டுவிட்டு, பஸ் ஏறி, பாலத்தைத் தாண்டி அவன் வேலைக்குப் போகிறான். வீட்டுக்குச் சோறு போடுகிற செலவு அது.

மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள்.

இல்லை.

"பார்க்கிங்கக் காணோமே?"

யுகேந்திரன் எழுந்து போய்க் காற்றாடியின் வேகத்தைக் கூட்டினான். அது ஏற்கெனவே முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்தின் அடியில் இன்னொரு பட்டியல் இருந்தது. நிறுத்தப்பட்டவை. சற்றுமுன் அவள் நிறுத்திய மூன்றும் அதில் வரிசையாக இருந்தன.

நான்காவது பார்க்கிங். தேதி, இரண்டு மாதத்துக்கு முந்தையது.

எதையும் நிறுத்த விடாமல் சண்டை போட்டவன், இதை மட்டும் யாரும் கேட்காமலே நிறுத்தியிருந்தான்.

நேற்றும் விடிகாலை நாலு மணிக்கு இருட்டோடு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான். முந்தாநாளும். அவள் கட்டிக்கொடுத்த சோற்றுப் பாத்திரம் ஒவ்வொரு நாளும் காலியாகத்தான் திரும்பி வந்தது. எங்கே உட்கார்ந்து தின்றானோ. இரண்டு மாதமாகச் சம்பளம் என்று கொடுத்த பணம் எங்கிருந்து வந்ததோ.

அவன் திரும்பவில்லை. காற்றாடியின் விசையிலேயே கை இருந்தது. சட்டைக்குள் தோள் எலும்பு மேலேறி நின்றது.

மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

கஸ்தூரிக்குக் கையுறை பேக்டரியில் சம்பளம் ஆயிரத்து எழுநூறு. புது வாடகை ஆயிரத்து நூறு. இதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை.

தன் போனை எடுத்தாள். முடியாது, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று வீட்டு முதலாளிக்கு எழுதினாள். ஒரு தடவை படித்துப் பார்த்தாள். அனுப்பினாள்.

பிறகு அவன் போனில் அலாரத்தைத் திறந்தாள்.

அதிகாலை மூன்றரை. திங்கள் முதல் சனி வரை.

திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இதையும் நிறுத்திடவா?" என்றாள், மகளுக்குக் கேட்காத குரலில்.