ஒரே வீட்டில் இரண்டு ஜோயல்

ஒரே பெயர், ஒரே தாய், ஒரே வீடு. பிறந்த தேதி மட்டும் வேறு. கம்ப்யூட்டர் இதை ஒரே குழந்தை என்று நினைப்பதில் தப்பில்லை. அதற்கு யார் புரியவைப்பது?

சோபியாவுக்குத் திரையில் சிவப்பாக நின்ற இரண்டு வரிகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்ற மருத்துவத் தகவல் முதுகலைப் படிப்புக்காக இந்தச் சுகாதார அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்தாள். பழவேற்காட்டு மீனவக் குப்பங்களின் பிறப்புப் பதிவுகளில் இருமுறை ஏறியவற்றை நீக்குவது அவள் வேலை.

"இன்னாம்மா, அந்தச் சிவப்பு இன்னும் போவல?" அதிகாரி கேசவன் எட்டி, தந்தை பெயரை மட்டும் படித்தார். "தேவதாஸ் வூட்ல ரெண்டு ஜோயலா? பேருக்கா பஞ்சம்? பழச அழிச்சுடு."

"மொதல் கொயந்த செத்துட்டா, அதே பேர அடுத்ததுக்கு வைப்பாங்க சார், குப்பத்துல."

"செத்ததுன்னு எங்க போட்டிருக்கு?"

எங்கும் இல்லை. ஞானஸ்நானத்துக்கு முன்பே முதல் குழந்தை இறந்துபோனதால் மாதா கோயில் பதிவிலும் பெயரில்லை. அவன் பிறந்தான் என்பதற்கு இந்த ஒரு வரிதான் மிச்சம்.

"நீ வுட்டாலும் நாளைக்கு கம்ப்யூட்டரே ரெண்டையும் ஒண்ணாக்கிடும். நீ அழிச்சா உனக்கு டிரெய்னிங் மார்க்காவது வரும்," என்றார் கேசவன். "எந்தத் தேதி சரின்னு அந்தம்மாவையே கேட்டுடலாம், இரு."

பதிவில் தாய்க்கென்று இருந்த எண்ணை மேசைப் போனில் அழுத்தினார்.

சோபியாவின் பைக்குள் செல்போன் அடித்தது.

"உன்துதான், எடும்மா. வூட்லருந்து இருக்கும்," என்றார், ரிசீவரைக் காதில் வைத்தபடியே.

அவள் எடுக்கவில்லை.

"ரெண்டு தேதியும் சரிதான் சார். நான் அழிக்க மாட்டேன்."