ஏறாத முள்

"என்னங்க, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஒண்ணுமில்ல. அப்புறம் கேக்கறேன்."

கணவர் ஓய்வு பெற்ற கையோடு ஆசை ஆசையாக டர்போ கார் வாங்கி வந்த அன்று நடந்த பேச்சு இது. ஆறு மாதமாகியும் அந்த 'அப்புறம்' வரவில்லை. வண்டியை விற்கச் சொல்லத்தான் மென்று முழுங்குகிறாள் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். பக்கத்து சீட்டில் அவள் உட்காரும் லட்சணம் அப்படி. அவர் கியர் மாற்றும்போதெல்லாம் கண்களை இறுக்கி மூடிக்கொள்வாள்.

கடைசியில் விற்பது என்றே ஆகிவிட்டது. காரணம் மனைவி இல்லை, மீட்டர்.

"மூணாவது தடவையா வரேம்மா," என்று ஒர்க் ஷாப்பில் குதித்தார். "பூஸ்ட் முள்ளு அரை பாரைத் தாண்ட மாட்டேங்குது. ஒண்ணே கால் வரணும்னு புக்குல போட்டிருக்கான். அப்படியே இந்த டிரைவர் சீட்டையும் பாரு. அடிக்கடி தானா முன்னாடி நகர்ந்துடுது, ஏறினா முட்டி இடிக்குது. நாளைக்கு வண்டி பாக்க ஆள் வராங்க, மானம் போயிடும்."

மெக்கானிக், நிலைப்படிக்குக் குனிந்தே பழகிய நெட்டைப் பெண். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"எங்கயும் காத்து லீக் இல்ல சார். டர்போ எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுது. எவ்வளவு அழுத்தம்னு பார் கணக்குல முள்ளு காட்டுது, அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சாத்தான் அதுவும் முழுசா ஏறும். நீங்க மிதிக்கிறீங்களா?"

"என்னையா கேக்கறே? நான் மிதிச்சா ரோடே நடுங்கும்!"

கூட வந்திருந்த மனைவிக்கு இருமல் வந்தது.

மெக்கானிக் சாவியை ஒரு திருகு திருகி, மீட்டர் ஓரத்துப் பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் ஓடவில்லை. முள் மட்டும் விறுவிறுவென்று ஏறி ஒன்றே காலில் போய் நின்றது.

"நிக்கற வண்டியில எப்படி ஏறுது?"

"இது இப்ப உள்ள அழுத்தம் இல்ல சார். அதிகபட்சமா எவ்வளவு தூரம் ஏறிச்சுன்னு மீட்டர் ஞாபகம் வச்சிருக்கும். போன சனிக்கிழமை நான் இதைப் பூஜ்யமாக்கித்தான் குடுத்தேன். இந்த வாரம் யாரோ நல்லா மிதிச்சிருக்காங்க."

அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"யாரு மிதிப்பா? மத்தியானம் சாப்பிட்டுட்டு நான் ரெண்டு மணி நேரம் படுக்கறதைத் தவிர வண்டி என் கண்ணு முன்னாலயேதான் நிக்குது! பூஜ்யமாக்கினேன்னு கதை விடாதே. டெஸ்ட் பண்றேன்னு வாங்கி வச்சு நீதான் ஊர் சுத்தியிருக்கே. எங்க உன் முதலாளி? இன்னியோட உனக்கு இங்க வேலை கிடையாது!"

"நான் ஓட்டியிருந்தா சீட்டு பின்னாடில்ல சார் போயிருக்கும்..." என்று ஆரம்பித்த மெக்கானிக், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாளின் கால்கள் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தன.

அவர் முதலாளியின் அறைக் கதவில் கை வைத்துவிட்டார். மனைவி நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, அன்னிக்கு ஒண்ணு கேக்கணும்னேனே..."

"தெரியும். வண்டியை விக்கணும், அதானே? நாளைக்கே தொலைச்சுத் தலைமுழுகிடறேன், போதுமா?"

"அய்யோ, வேணாங்க! இனிமே நீங்க முழிச்சிருக்கும்போதே நான் ஓட்டட்டுமா?"