மீசைக்குப் போன கை

வைதேகி ஆடுகிற நவீன நடனம் அவள் கணவன் தாமோதரனுக்குப் பிடிபட்டதே இல்லை. சலங்கையும் இல்லை, பாட்டும் இல்லை, எதற்குத் தரையில் கிடந்து புரள்கிறார்கள் என்று கல்யாணமான புதிதில் வாய்விட்டுக் கேட்டே விட்டான்.

"கைக்கெல்லாம் அர்த்தம் தேடாதீங்க. தோளை மட்டும் பாருங்க. தோளுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முன்வரிசையில் உட்கார்ந்து, கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, தோள்களையே பார்த்துப் பழகினான்.

அன்று மேடையில் அவள் தனியாக ஆடினாள். மீசையை முறுக்கப் போவதுபோல வலது கை மெல்ல மேலே வந்தது. உதட்டின்மேல் ஒன்றும் அகப்படாமல் தடுமாறி நின்றது. பிறகு சத்தம் வெளியே வந்துவிடாதபடி வாயை இறுகப் பொத்திக்கொண்டது. தோள்கள் குலுங்கின.

தாமோதரனுக்கு முதன்முறையாகப் புரிந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்து, தலையும் மீசையும் மழித்துக்கொண்டு வீடு திரும்பிய அன்று, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவன் அழுத அழுகை அது. அறைக்குள் அவனோடு இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்து இருக்கைக்காரர் "பிரமாதம் சார்!" என்று அவன் தொடையில் தட்டினார்.

வெளியே வந்தவள் வியர்வையைத் துடைத்தபடி அவன் முகத்தையே பார்த்தாள்.

"இன்னைக்காவது ஏதாச்சும் புரிஞ்சுதா?"

"எங்க... எப்பவும் போலத்தான். ஒண்ணும் புரியல."

"அதானே!" என்று சிரித்தாள்.

அவன் அவள் தோள்களைப் பார்த்தான். அதுவரை காதை ஒட்டி ஏறியிருந்த இரண்டும் மெல்லக் கீழே இறங்கின.